வானத்தை மூடினால் விமானங்கள் எங்கே போகும்?

லிமா கண்காட்சி நடக்கும் வாரத்தில் லங்காவிக்கு டிக்கெட் எடுத்தவர்களுக்கு இது பழக்கமாக இருக்கும். ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டாகிவிட்டது. பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு காத்திருக்கிறார்கள். விமானம் மட்டும் நகரவில்லை. "கட்டுப்பாட்டு அறையின் அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்" என்கிறார் விமானி. "இவங்களுக்கு எப்பவும் இதே வேலைதான்" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்.

அப்படித் திட்டு வாங்குகிறவர்தான் அந்த நேரத்தில் நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

லிமா 1991-இல் தொடங்கியது; பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். சாகச விமானங்கள் வித்தை காட்டும் நேரத்தில் அந்த வான்வெளி மற்ற விமானங்களுக்கு மூடப்படும். 2024 அக்டோபர் 6-ஆம் தேதி சென்னை மெரினாவில் இந்திய விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தபோதும் இதே கதைதான். ஒத்திகை நாட்களிலும் மீனம்பாக்கத்தில் விமான நேரங்கள் மாறின. இத்தகைய தற்காலிகத் தடையை 'நோட்டாம்' என்ற அறிவிப்பின் மூலம் விமானிகளுக்கு முன்கூட்டியே தெரிவிப்பார்கள். பத்து பெரண்டாமிலிருந்து கிளம்பும் பயிற்சி விமானத்து மாணவரும் அதைப் படித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

தடை போட்டதும் விமானங்கள் குறைந்துவிடுவதில்லை. வானம்தான் குறைகிறது. தீபாவளிக்கு முந்தின இரவு ஆயர் குரோ டோலில் இரண்டு வழிகளை மூடினால் என்ன ஆகும்? கார்கள் வரிசையில் நின்றுவிடும். ஆகாயத்தில் அப்படி நிற்க முடியாது. சுற்றிக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக, 1,000 அடி இடைவெளியில் சுற்றும். ஒவ்வொன்றிலும் எரிபொருள் அளவு வேறு, வேகம் வேறு. திரையைப் பார்த்தபடியே கட்டுப்பாட்டாளர் இராணுவத் தரப்போடு பேச வேண்டும், பக்கத்து மையத்தோடு பேச வேண்டும், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்கும் விமானிகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். வானம் திறக்கும் நிமிடம் இன்னும் கடினம். காத்திருந்த அத்தனை பேரும் ஒரே ஓடுபாதையைக் கேட்பார்கள்.

அதனால்தான் பாதி விமானங்களைக் கிளம்பும் இடத்திலேயே நிறுத்திவைக்கிறார்கள். தரையில் நிற்கும் விமானத்தால் ஆபத்தில்லை. சீட்டில் நமக்குப் போகும் முக்கால் மணி நேரம், திரைக்கு முன்னால் இருப்பவருக்கு மூச்சுவிடக் கிடைக்கும் இடம்.

அந்த இடம் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2002 ஜூலை 1-ஆம் தேதி இரவு சாட்சி. ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் மோதி 71 பேர் மாண்டார்கள். பெரும்பாலானோர் பள்ளிப் பிள்ளைகள். அன்று வான்தடை எதுவும் இல்லை. சூரிக் மையத்தில் பராமரிப்பு வேலை நடந்ததால் முக்கியத் தொலைபேசி இணைப்பும் எச்சரிக்கைக் கருவியும் சரியாக இயங்கவில்லை. சக ஊழியர் ஓய்வுக்குப் போயிருந்தார். ஒரே ஆள் இரண்டு திரைகளைப் பார்த்தார். தாமதமாக வந்த வேறொரு விமானத்தை இறக்குவதில் அவர் மும்முரமாக இருந்தபோது, இந்த இரண்டும் நெருங்கிவிட்டன. கவனித்தபோது ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை.

அந்த விபத்தில் மனைவியையும் இரு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒருவர், 2004-இல் அந்தக் கட்டுப்பாட்டாளரைக் கொன்றுவிட்டார். 2007-இல் சுவிஸ் நீதிமன்றமோ அவர் வேலை செய்த நிறுவனத்தின் ஊழியர்கள் நால்வரைக் குற்றவாளிகள் என்றது. ஒருவரைத் தனியாக உட்காரவிட்ட ஏற்பாடுதான் முதல் குற்றவாளி என்பேன் நான்.

கட்டுப்பாட்டாளரின் கையில் இல்லாத இன்னொன்றும் உண்டு: தடையின் எல்லை. 2014 ஜூலையில் கிழக்கு உக்ரைன் வான்வெளியை 32,000 அடி வரைதான் மூடியிருந்தார்கள். நம் எம்எச்17 பறந்தது 33,000 அடியில். விதிப்படி அது திறந்த வானம். அன்று அந்த மையத்தில் இருந்தவர் வழக்கமான வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்; பின்னால் வந்த சிங்கப்பூர் விமானத்தோடு இடைவெளி விடுவதற்காக எம்எச்17-ஐ மேலே ஏறச் சொல்லிக் கேட்டார். முடியாது என்று விமானி சொல்லவே, மற்றதை ஏற்றிவிட்டார். அரை மணி நேரத்துக்குள் ஏவுகணை தாக்கி 298 உயிர்கள் போயின. முழுமையாக மூடியிருந்தால் பக்கத்து வான்வெளிகளில் நெரிசல் கூடியிருக்கும், நாமும் முணுமுணுத்திருப்போம்.

சாகசக் காட்சிக்கும் அணிவகுப்புக்கும் தேதி குறிக்கும் அதிகாரிகளிடம் ஒன்று கேட்கலாம்: அந்த நாட்களில் கட்டுப்பாட்டு அறையில் கூடுதல் ஆள் இருக்கிறார்களா? விமான நிறுவனங்களும் 'செயல்பாட்டுக் காரணம்' என்று மழுப்பாமல், வான்வெளி மூடியிருக்கிறது என்று பயணிகளுக்கு முதல் நாளே குறுஞ்செய்தி அனுப்பலாம்.

நம் பங்குக்கு, அந்த வாரத்தில் லங்காவியிலிருந்து கேஎல்ஐஏ வந்து சென்னை விமானத்தைப் பிடிப்பதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் மட்டும் விட்டு டிக்கெட் எடுக்காதீர்கள். நாலைந்து மணி நேரமாவது விடுங்கள். வயதான அம்மா அப்பா கூட வந்தால் முதல் நாளே கிளம்பிவிடுங்கள்.