பலகை இறங்கியது, கதவு திறந்ததா?

"வீடு வாடகைக்கு" என்றோர் அட்டை. அதன் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், "சைவம் மட்டும்". மேற்கு மாம்பலத்துத் தெருவொன்றில், கம்பிக் கதவிலே தொங்கிக் கொண்டிருந்தது.

சைவம் என்றால் என்ன பொருள், தோழர்களே? சிவனைத் தொழுவோர் சமயமா? கத்தரிக்காயும் முருங்கைக்காயும் சமைத்துண்போர் வழக்கமா? இரண்டுமல்ல! சென்னை வீட்டுக்காரர் பலருடைய அகராதியில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. "நீ யார்? எங்கிருந்து வருகிறாய்? உன் பாட்டன் எந்தத் தெருவிலே குடியிருந்தான்?" என்று கேட்க நா கூசுகிறது, சட்டமும் நாகரிகமும் சற்றே மிரட்டுகின்றன. ஆகவே, அடுப்பைக் கேட்பது போல ஆளைக் கேட்கிறார்கள்; மீனை விலக்குவது போல மனிதனை விலக்குகிறார்கள்.

அந்த அட்டையைக் கண்டு கதவைத் தட்டியவர்கள் எனக்குத் தெரிந்த ஓர் இளந்தம்பதியர். அவனுக்குப் பரனூர் நிலையத்தை அடுத்த தொழில் நகரத்திலே வேலை. அவளோ செவிலி, பூங்கா நிலையத்தை அடுத்த அரசு பொது மருத்துவமனையிலே பணி. ஒருவர் தெற்கே போகவேண்டும், மற்றவர் வடக்கே போகவேண்டும். இருவருக்கும் ஒரே இருப்புப் பாதை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் ஓடிய பாதையின் தொடர்ச்சி அது. மாம்பலத்தில் இரண்டு அறை கொண்ட குடித்தனம் கிடைத்தால் அவளுக்கு இருபது நிமிடப் பயணம், அவனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். இருவர் சம்பளத்தையும் சேர்த்து மூன்றிலொரு பங்கை வாடகையாக வைக்கவும் ஒப்பினார்கள். கணக்குச் சரியாகவே இருந்தது.

வீட்டுக்காரர் மிக நல்லவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். வேலையைக் கேட்டார், மகிழ்ந்தார். சம்பளத்தைக் கேட்டார், மேலும் மகிழ்ந்தார். பிறகு, "நீங்கள் என்ன... வெஜ்தானே?" என்றார். "இல்லை ஐயா, நாங்கள் எல்லாம் சாப்பிடுவோம்" என்றான் அந்தப் பிள்ளை. பொய் சொல்லத் தெரியாதவன். "அடடா! என் தாயார் கொஞ்சம் ஆசாரம். நீங்கள் தப்பாக எடுத்துக் கொள்ளக் கூடாது, தம்பி" என்று எழுந்து, வாயில்வரை வந்து வழியனுப்பினார். தப்பு யார் எடுத்துக் கொள்வதிலே இருக்கிறதாம்! கொடுப்பவர் கையிலே இல்லையாம்!

பழைய செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. 1957 ஆம் ஆண்டிலே, திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பெயர்ப் பலகையிலிருந்து "பிராமணாள்" என்ற சொல்லை அகற்றக் கோரி, பெரியார் கிளர்ச்சி தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் சென்றார்கள், நாள்தோறும் கைதானார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறை புகுந்த பிறகு சொல் இறங்கியது. அன்றும் சொன்னார்கள்: "கடை அவர் கடை, பலகை அவர் பலகை, உங்களுக்கென்ன வந்தது?" என்று. ஒரு குவளை காபி குடிக்கும் இடத்திலே இழிவு கூடாது என்று சிறை சென்ற நாட்டில், ஒரு குடும்பம் உறங்கி எழுந்து, பிள்ளை பெற்று வளர்க்கும் இடத்தின் வாயிலில் அதே இழிவு அட்டையாகத் தொங்குகிறது; நாம் அதைக் கடந்து போகிறோம், முகவரி விசாரிக்கும் மும்முரத்தோடு!

மாம்பலத்தோடு கதை முடிந்திருந்தால், வைதீகத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு நாமும் நிம்மதியாக உறங்கலாம். முடியவில்லையே!

அடுத்து அவர்கள் சென்றது சைதாப்பேட்டை. அங்கே வீட்டுக்காரர் நம்மவர். கூடத்திலே பெரியார் படம், பக்கத்திலே அண்ணா படம், இரண்டுக்கும் மாலை. மீன் பற்றி அவர் கேட்கவில்லை. அவர் வீட்டு அடுப்பிலேயே மீன் கொதித்துக் கொண்டிருந்தது. "எந்த ஊர்?" என்றார். ஊரைச் சொன்னார்கள். "ஊரிலே எந்தப் பக்கம்? கோயில் தெருவா, அதைத் தாண்டியா?" என்றார். தாண்டித்தான் என்றான் அவன். மறுநாள் தரகர் தொலைபேசியில் சொன்னார்: "வீட்டுக்காரர் மகனே குடிவரப் போகிறாராம்." அந்த மகன் இருப்பது வெளிநாட்டிலே என்பது தரகருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

"காலனி" என்ற சொல் இழிவின் அடையாளமாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து அதனை நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல அறிவிப்பு, வரவேற்கிறோம். ஆனால், "கோயில் தெருவா, அதைத் தாண்டியா?" என்ற கேள்விக்குக் "காலனி" என்ற சொல்லே தேவைப்படவில்லை, பார்த்தீர்களா? ஆவணத்திலிருந்து சொல் போய்விடும். அந்தப் படங்களின் அடியிலே உட்கார்ந்து கேட்கிறவரின் நாவிலிருந்து அதை எடுப்பது யார்? பார்ப்பனர் அல்லாதார் என்று பெயர் சூட்டிக் கொண்டோம். அல்லாதாருக்குள்ளே அல்லாதாராக ஒரு கூட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். இசுலாமியத் தோழர்களைக் கேளுங்கள், அவர்களுக்குப் பெயரைச் சொன்னவுடனேயே விடை கிடைத்துவிடும். தனித்து வாழும் பெண்களைக் கேளுங்கள்; அவர்கள் வேறொரு தனிக் கட்டுரையே சொல்வார்கள்.

"என் வீடு, என் பணம், என் விருப்பம். இதிலே உங்கள் பகுத்தறிவுக்கு என்ன வேலை?" என்று சீறுவோர் உண்டு. கேட்கிறேன்: மாம்பலத்து வீட்டுக்கு அத்தனை வாடகை ஏன்? சுவரிலே தங்கம் பூசியிருக்கிறதா? இல்லை. ரயில் நிலையம் நடை தூரம்! அந்த ரயில் யார் அப்பன் வீட்டுச் சொத்து? தெருவுக்குத் தார் போட்டது மாநகராட்சி, குழாய்க்குத் தண்ணீர் விடுவது குடிநீர் வாரியம், இவற்றுக்கெல்லாம் வரி கொடுத்தவர்களிலே கோயில் தெருவைத் தாண்டியவர்களும் உண்டு. ஊரார் பணத்திலே உயர்ந்த மதிப்பை வாடகையாக வாங்கிக் கொள்ளும்போது "பொது". ஊரார் வந்து நிற்கும்போது மட்டும் "சொந்தம்" என்பது எந்த ஊர் நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 15 ஆவது பிரிவு, கடைக்கும் உணவு விடுதிக்கும் கிணற்றுக்கும் குளத்துக்கும் சாலைக்கும் செல்லும் உரிமையைச் சாதியின் பேரால் மறுக்கக் கூடாது என்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. இங்கோ, 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி, 2017 இல் புதுச் சட்டம் இயற்றி, 2019 இல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் எழுத வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் அதிலே உண்டு. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்றும் உண்டு. ஆனால், மாறான ஒப்பந்தம் இருந்தால் ஒழிய என்று ஒரு சிறு வால்! அந்த வாலைப் பிடித்துக் கொண்டுதான் ஆறு மாதம், பத்து மாதம் என்று கறக்கிறார்கள். இருக்கட்டும்; முன்பணத்தைப் பற்றியாவது ஒரு வரி எழுதினார்கள். சாதி கேட்டுக் கதவடைப்பவனைப் பற்றி ஒரு வரி?

வெள்ளைக்காரன் நாட்டிலே, "கறுப்பருக்கு இடமில்லை" என்று வாடகை வீட்டுச் சன்னலில் அட்டை வைத்த காலம் உண்டு. 1968 ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே வீட்டு வாடகையிலும் நிற வேற்றுமையைத் தடுத்தது. அதே 1968 இல், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், அமெரிக்காவிலும் அத்தகைய சட்டம் கையெழுத்தாயிற்று. வீட்டுக்காரர் தாமே குடியிருக்கும் சிறு வீடுகளுக்கு அந்தச் சட்டம் சில விலக்குகள் தந்தது. எனினும், "இன்னார் மட்டும்" என்று விளம்பரம் செய்ய அவர்களுக்கும் விலக்குத் தரவில்லை. அந்த அளவுக்காவது நம்மால் வர இயலாதா? இம்மண்ணின் கிளர்ச்சிதானே 1951 இல் அரசியல் சட்டத்தையே முதன்முறையாகத் திருத்த வைத்தது? 2017 ஆம் ஆண்டுச் சட்டத்திலே ஒரு பிரிவைச் சேர்க்க டில்லிக்குக் காவடி தூக்கி நிற்க வேண்டுமா? சாதி, மதம் காட்டி வீடு மறுப்பதும், "சைவம் மட்டும்" என்று அட்டை தொங்கவிடுவதும் தண்டனைக்குரிய குற்றம் என்று எழுதட்டும். எழுதிய பிறகு எதிர்ப்பவர் யார் என்று பார்ப்போம்.

மற்றொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 1997 இல் கலைஞர் ஆட்சி "பெரியார் நினைவு சமத்துவபுரம்" என்ற திட்டத்தை அறிவித்தது. ஓர் ஊருக்கு 100 வீடுகள். 40 ஆதிதிராவிடர்க்கு, 25 பிற்படுத்தப்பட்டோர்க்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு, 10 ஏனையோர்க்கு. அடுத்தடுத்த வீடு, பொதுவான தெரு. சிற்றூரிலே சாதி மிகுதி, ஆகவே அங்கே சமத்துவபுரம் என்றார்கள். சென்னையிலே சாதி இல்லையென்று யார் சொன்னது? மாநகரில் ஆட்சியாளர் செய்தது என்ன? கூவக் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் வாழ்ந்தவர்களைப் பெயர்த்தெடுத்து, ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்கு அப்பால் கண்ணகி நகரிலும், பெரும்பாக்கத்திலும் அடுக்கி வைத்தார்கள். எந்த நிறக் கொடி பறந்தபோதும் அந்த வண்டிகள் நிற்கவில்லை. கற்பரசியின் பெயரை வைத்துவிட்டுச் சேரியைக் கட்டினால் அது நகராகிவிடுமா? அந்த முகவரியைச் சொன்னால் வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள பிள்ளைகள் புலம்புகிறார்கள். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடத்தை, அடுக்குமாடி கட்டி மீண்டும் வரைந்திருக்கிறோம்.

வீட்டு வசதி வாரியத்துக்கு நகருக்குள்ளே நிலமில்லை என்று கை விரிக்க வேண்டாம். வாரியத்தின் பழைய குடியிருப்புகளை இடித்துப் பன்மாடியாகக் கட்டும்போதெல்லாம், ஒரு பகுதியை விற்காமல் வாடகைக்கென்றே வைத்து, 40, 25, 25, 10 என்று ஒதுக்கட்டுமே! நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்திலே, ஆலைத் தொழிலாளியும் செவிலியும் அலுவலரும் ஒரே படிக்கட்டில் ஏறட்டுமே!

அந்தத் தம்பதியர் முடிவில் கூடுவாஞ்சேரியில் குடியேறினார்கள். அவனுக்குப் பக்கம்தான். அவளுக்குப் போக ஒரு மணிக்கு மேல், திரும்ப ஒரு மணிக்கு மேல். இரவு எட்டு மணிக்குப் பணி முடித்துப் பூங்கா நிலையத்தில் வண்டி ஏறுகிறாள். எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் கடந்து மாம்பலத்திலே வண்டி நிற்கிறது. பாதிக் கூட்டம் இறங்கிவிடும், அதன் பிறகுதான் அவளுக்கு உட்கார இடம் கிடைக்கும். "சைவம் மட்டும்" வீடு மூன்று திங்கள் பூட்டியே கிடந்ததாம்; தரகர்தான் சொன்னார். அட்டை மழையிலே நனைந்து எழுத்துக் கரைந்து போனதால், புதிதாக ஒன்று எழுதி மாட்டினார்களாம்.