கிளிப் போடும் முன் பெற்றோருக்குப் புரிய வேண்டும்

பிள்ளையின் தெத்துப்பல்லைச் சரிசெய்ய மருத்துவரிடம் போகும் பெற்றோருக்கு இரண்டு விஷயங்கள் தெளிவாகச் சொல்லப்படுகின்றன. ஒன்று செலவு, இன்னொன்று ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும் என்பது. அடுத்து ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு படிவம் வருகிறது. "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா." அம்மாவும் போட்டுவிடுகிறார். இதைச் சம்மதம் என்று நாம் ஏற்பதற்கில்லை.

சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், முக்கியமான ஆபத்துகள், சிகிச்சையே வேண்டாம் என்றால் என்ன ஆகும் ஆகிய அனைத்தையும் போதுமான அளவு சொன்ன பிறகு பெறுவதுதான் செல்லுபடியாகும் சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பல்லுக்கு மட்டும் அதில் விலக்கு இல்லை.

இடம் போதாத வாயில் நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்க நேரலாம். சொத்தை இல்லாத பல்லை ஏன் எடுக்கிறார்கள் என்று பல வீடுகளில் பாட்டிதான் முதலில் கேட்கிறார். பதில் சொல்ல அம்மாவுக்குத் தெரியாது. சரியாகத் துலக்காவிட்டால் கிளிப்பைச் சுற்றி வெள்ளைத் தழும்பு விழும். சிலருக்குப் பல்லின் வேர் சற்றுக் குட்டையாகும். எல்லாவற்றுக்கும் மேல், நகர்த்திய பல்லை அதே இடத்தில் நிறுத்திவைக்கும் ரிட்டெய்னர். கிளிப்பைக் கழற்றியதும் எல்லாம் முடிந்தது என்று குடும்பமே நினைக்கிறது. நகர்த்திய பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். ரிட்டெய்னரை ஆண்டுக்கணக்கில், பெரும்பாலும் இரவில், போட்டே ஆக வேண்டும். கிளிப்பை மாட்டும் முன்பே சொல்ல வேண்டிய இதைக் கழற்றும் நாளில் சொல்வது, பணம் வாங்கிய பிறகு நிபந்தனை சொல்வதுதான்.

வாயால் சொன்னால் மட்டும் போதுமா? மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் உடனே மறந்துபோகிறது என்கிறது 2003-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை. எனவே பிள்ளையின் எக்ஸ்ரேவையும் பல் அச்சையும் கையில் எடுத்துக் காட்டி, எந்தப் பல் போகும், எது நகரும் என்று விளக்க வேண்டும். எளிய தமிழில் ஒரு தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். "வீட்ல கேட்டா என்ன சொல்வீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று பெற்றோரையே பேசவிட வேண்டும். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள். கையெழுத்து அடுத்த வருகையில் இருக்கட்டும். பல் வரிசையைச் சீராக்குவது அவசரச் சிகிச்சை அல்லவே!

நேரமில்லை, சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். கூட்டம் அலைமோதும் அரசு மருத்துவமனையில் முதல் காரணத்தில் நியாயம் உண்டு. அங்கே பயிற்சி மருத்துவர்கள் இந்த வேலையை ஏற்கலாம். இரண்டாவதை ஏற்க முடியாது. தெரிந்தால் மறுத்துவிடுவார் என்பதற்காக மறைத்து வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பு ஏது? பல் துலக்குவதும் முறுக்கு, கடலை மிட்டாயை விடுவதும் பிள்ளைதான் என்பதால், பெற்றோரோடு அதையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

மாநிலம் முழுவதற்கும் பொதுவான ஒரு தமிழ் விளக்கத் தாளையும் தமிழ்ச் சம்மதப் படிவத்தையும் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியும் தமிழ்நாடு பல் மருத்துவ மன்றமும் சேர்ந்து தயாரிக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் அதையே பயன்படுத்தட்டும். அதுவரை பெற்றோர், படிவத்தைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். விளக்காத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.