கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுகிறார்கள்

ஐப்பசி பிறந்தால் திண்டுக்கல்லில் இரண்டு சங்கதி தவறாது. கரூர் ரோடு ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். எங்கேயோ ஓர் அரங்கில் வெள்ளத் தடுப்பு முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கும். சுரங்கப்பாதைத் தண்ணீரையாவது மோட்டார் வைத்து இறைத்துவிடுகிறார்கள். கூட்டத்தில் ஜனங்கள் சொன்னதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்பதுதான் இத்தனை வருஷமாகப் பிடிபடவில்லை.

"உங்க ஊர்ல ஆறே கிடையாதே, அப்புறம் என்னய்யா வெள்ளம்?" என்று மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள். வைகையில் வருஷத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது என்று திருப்பிக் கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிடலாம். இதே கேள்வியை உள்ளூர்க்காரரும் கேட்கிறாரே, அதுதான் வயிற்றெரிச்சல். மேற்கே பன்றிமலை, பெரும்பாறை, தாண்டிக்குடிச் சரிவுகளில் பெய்கிற மழை ஆத்தூர் காமராஜர் அணைக்கு வருகிறது. 23.5 அடி நிரம்பி மறுகால் போனால் அது குடகனாறு. ஊருக்கு மேற்கே ஒதுங்கி வடக்கே ஓடி, வேடசந்தூர் அழகாபுரி அணையைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் அமராவதியில் கலக்கிறது. கிழக்கே சிறுமலைத் தண்ணீர் சந்தானவர்த்தினியாக இறங்கி அதே குடகனாற்றில் போய்ச் சேர்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற ஊர் நம்முடையது. பத்து மாதம் சீமைக்கருவேலமும் பிளாஸ்டிக் பையுமாகக் கிடப்பதை ஆறு என்று யாரும் நம்புவதில்லை. நம்பாததால்தான் அதன் கரையில் தைரியமாக அஸ்திவாரம் தோண்டுகிறார்கள்.

1977 நவம்பரை ஊர் அடியோடு மறந்துவிட்டது. நாகப்பட்டினம் பக்கம் கரை ஏறிய புயல் உள்நாட்டில் கொட்டித் தீர்த்த சமயம் அது. திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது. தனி மாவட்டமானது 1985-இல்தான். அழகாபுரியில் புத்தம் புது மண் அணை. ஐந்து ஷட்டர், ஒவ்வொன்றும் சுமார் பத்தடி அகலம். வெள்ளம் வந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஷட்டரைப் பாதிதான் தூக்க முடிந்தது. ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள், உதவவில்லை. கையால் சுற்றினார்கள். தண்ணீர் காத்திருக்கவில்லை. கரைக்கு மேலேயே ஏறி, பின்சரிவை அரித்து, 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை இடம் இடமாக உடைத்துக்கொண்டு போனது. இந்தியாவில் உடைந்த அணைகளின் பட்டியலை எந்தப் பொறியியல் புத்தகத்தில் புரட்டினாலும் நம் குடகனாற்று அணை அதில் இருக்கும். அதைப் படித்து எங்கெங்கோ உள்ள பையன்கள் பரீட்சை எழுதுகிறார்கள். இங்கே நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், "அழகாபுரியா, பிக்னிக் போயிருக்கோம்" என்பார்கள்.

அணையைத் திரும்பக் கட்டினார்கள், சரி. அணைக்குக் கீழே குடியிருக்கிறவர்களை உட்கார வைத்து, தண்ணீர் எந்த வழியாக வந்தது, எது வரை ஏறியது, எந்த மேட்டுக்கு ஓடினீர்கள் என்று கேட்டு எழுதி வைத்த நோட்டு எந்த அலுவலகத்திலாவது இருக்கிறதா? இருந்தால் காட்டட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன். அன்று ஓடியவர்களில் இன்று மிச்சம் இருப்பவர்களுக்கு எழுபது, எண்பது வயது. அவர்களோடு அந்தக் கணக்கும் போய்விடும்.

நான் போன கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றைச் சொல்கிறேன். எந்த அலுவலகம், எந்த வருஷம் என்பதெல்லாம் வேண்டாம், எல்லாக் கூட்டமும் ஒரே அச்சுதான். பத்தரைக்கு என்று போட்டு பதினொன்றே முக்காலுக்கு ஆரம்பித்தார்கள். வாசலில் ஒரு ரிஜிஸ்டர்: பெயர், ஊர், போன் நம்பர், கையெழுத்து. கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்து வாங்கியாகிவிட்டது, அதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பிறகு டீ, ஒரு சமோசா, திரையில் படம். ஓடையின் இரு புறமும் கான்கிரீட் சுவர், மேலே நடைபாதை, விளக்குக் கம்பம். படத்தில் ஓடும் தண்ணீர் நீலமாக இருந்தது. பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப் கழிவையே பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த நீலத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது.

பின்வரிசையில் ஒரு பெரியவர். அந்தக் காலத்தில் குளத்துக்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர், மடை திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. எழுந்து நின்று, "ஐயா, சுவரு கட்டுற இடத்துக்கு அங்கிட்டு ஒரு வாரி வரும். மேலக் குளத்து மறுகால் தண்ணி அதுலதான் வந்து விழும். படத்துல அது ரோடா இருக்கு" என்றார். படம் காட்டிய தம்பி லேப்டாப்பைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். "அது லேஅவுட் அப்ரூவல் ஆன இடம் பெரியவரே. ரெக்கார்டுல வாரி இல்ல." பெரியவர் விடவில்லை. "ரெக்கார்டுல இல்லாட்டி தண்ணி வராதா தம்பி?" அரங்கமே சிரித்தது. சிரித்து முடித்ததும் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த வாரியை நானும் போய்ப் பார்த்தேன். ரோட்டுக்கு அடியில் ஒற்றைக் குழாய் பதித்திருக்கிறது. ஒரு பக்கெட் உள்ளே போகும், அவ்வளவுதான் வாய். அதிலும் பாதி மண். மேலே இருக்கிற குளத்தின் கலிங்கில் மணல் மூட்டை அடுக்கி உயரத்தைக் கூட்டி வைத்திருந்தது, மீன் குத்தகைக்காரர் வேலை. மறுகால் போனால் மீன் போய்விடும் அல்லவா? இப்போது கீழே பத்தடி உயரத்துக்குச் சுவர் கட்டினாலும் தண்ணீர் சுவருக்கு உள்ளே வரப் போவதில்லை. வெளியே வீடுகளுக்குள் ஏறும், ஓடைக்கு வடியவும் முடியாமல் அந்தச் சுவரே அதைத் தேக்கி நிறுத்தும். பல கோடித் திட்டத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு கிழவர் போதும். அவருக்குக் கொடுத்தது சமோசா.

சட்டம் இல்லை என்று சொல்ல வழியில்லை. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் ஊராட்சிக்கு ஒப்படைக்கப்பட வேண்டியவை என்று போட்ட 29 இனங்களில் சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் மூன்றாவதாகவே நிற்கின்றன. குளங்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தார்கள். விவசாயிகளே சங்கம் வைத்துச் செய்வது என்று பேச்சு. பல ஊரில் சங்கத்தின் பேரில் யார் ஜேசிபி ஓட்டினார்கள், அள்ளிய வண்டல் எந்தச் செங்கல் சூளைக்குப் போனது என்பதை டீக்கடையில் விசாரித்தால் சொல்வார்கள். கிராம சபைக்கு வருஷத்தில் ஆறு நாள். நகரத்துக்கு 2022 நவம்பர் 1-இல் பகுதி சபைகள் தொடங்கின. நம் பகுதி சபை என்றைக்குக் கூடியது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதிகாரிகளை மட்டும் வைது பிரயோஜனம் இல்லை. நம் சனத்தையும் பார்க்கிறேனே. குடகனாற்றுத் தண்ணீருக்காக நாம் போராடாமல் இல்லை. நரசிங்கபுரத்தில் ராஜவாய்க்காலுக்குத் தண்ணீர் திரும்புகிற இடம் பற்றி மேலேயிருக்கிற ஆத்தூர், சித்தையன்கோட்டைப் பக்கத்தாரும் கீழேயிருக்கிற அனுமந்தராயன்கோட்டைப் பக்கத்தாரும் வருஷக்கணக்கில் மல்லுக்கு நிற்கிறார்கள். உண்ணாவிரதம், மறியல், வல்லுநர் குழு எல்லாம் ஆனது. எல்லாம் தண்ணீர் வராததற்கு. அதே வாய்க்கால், அதே மடை, அதே ஆறு, தண்ணீர் கூடுதலாக வந்தால் யார் எதைத் திறப்பது, யார் நிலத்தில் பரவ விடுவது என்று பேச ஒரு நாள் கூடினோமா? வறட்சிக்கு ஒரு சங்கம், வெள்ளத்துக்கு யாருமே இல்லை.

கூடினாலும் ஒவ்வொருவரும் கேட்பது ஒன்றுதான்: "எங்க தெருவுக்குச் சுவர் கட்டுங்க." எதிர்த்த கரைக்காரன் வீட்டில் ஏறினால் அது அவன் தலையெழுத்து. நெதர்லாந்தில் ஓவர்டீப்செ என்று ஒரு தாழ்நிலம். ஆறு பெருகும்போது அதை வெள்ளத்துக்கு விட்டுவிடப் போவதாக அரசாங்கம் சொன்னது. அங்கிருந்த மாட்டுப்பண்ணைக்காரர்கள் கொடி பிடித்ததோடு நிற்கவில்லை. கரையை ஒட்டி உயரமான மண்மேடுகள் எழுப்பி எங்கள் பண்ணைகளை அதன்மேல் மாற்றுங்கள், வயலில் தண்ணீர் வந்து போகட்டும் என்று தாங்களே திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் மேட்டில் இடம் கிடைக்கவில்லை, பாதிக் குடும்பங்கள் வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது, அதில் கசப்பும் இருந்தது. ஆனாலும் கட்டியது அவர்கள் சொன்ன திட்டத்தைத்தான். அங்கே அரசாங்கம் காது கொடுத்தது ஒரு பாதி. ஜனங்கள் வெறும் மனுவோடு போகாமல் வரைபடத்தோடு போனது மறுபாதி. நாம் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடுதான் போகிறோம். ரசீது வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் ஒரு பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

சுவரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீடு நெருங்கிவிட்ட இடத்தில் சுவர் கட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு முன்னால் மேலே உள்ள கலிங்கிலிருந்து கீழே உள்ள ஆறு வரை அந்தந்த ஊர் ஆளோடு நடந்து பார்க்க வேண்டும். ஐப்பசியில் குடை பிடித்துக்கொண்டு இல்லை, சித்திரையில், தரை தெரிகிறபோது. இதற்கு டெண்டர் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம், ஒரு ஜோடி செருப்புப் போதும்.

மார்ச் 22 தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். நகரத்தில் இருப்பவர்கள் பகுதி சபை தேதியை வார்டு கவுன்சிலரிடம் கேட்டு வையுங்கள். போகும்போது உங்கள் பக்கத்து ஓடையின் சர்வே எண்ணையும் புல வரைபட நகலையும் கையில் எடுத்துப் போங்கள். எழுபது வயது தாண்டிய ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். அவர் சொல்வது தீர்மானப் புத்தகத்தில் எழுத்தில் ஏறட்டும். ஏறியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை அந்த ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடாதீர்கள்.