லீசு வீடும் கெடு முடியும் நாளும்



தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பகுதிகளில் வீடு தேடி அலைந்தவர்கள், 'வீடு லீசுக்கு விடப்படும்' என்ற அட்டையைப் பல வாசல்களில் கண்டிருப்பீர்கள். ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருக்கலாம். காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும். தென் மாவட்டங்களில் இதனை ஒத்தி என்பர். பத்திர எழுத்தர்கள் போக்கியம் என்பர். மாத வாடகைக்குத் திண்டாடும் குடும்பங்களுக்கு, வளைகுடாவில் சேர்த்த பணத்தையோ குமர் காரியத்துக்கென வைத்திருந்த பணத்தையோ கரையாமல் காக்கும் வழியாக இது தோன்றுகின்றது.

கெடு முடியும் நாளில்தான் இதன் உண்மை உருவம் வெளிப்படும். "பாய், பணம் இப்போ கையில இல்லை. இன்னும் ஒரு வருஷம் இருந்துக்குங்களேன்" என்பார் வீட்டுக்காரர். அவர் பொய் சொல்வதாக எண்ண வேண்டாம். நீங்கள் கொடுத்த பணம் அவருடைய மாடிக் கட்டடமாகவோ, பழைய கடனின் தீர்வாகவோ என்றோ மாறிவிட்டது. அடுத்து லீசுக்கு வருபவர் கொடுத்தால்தான் உங்களுக்குத் தர இயலும். தென் கொரியாவில் 'ஜியோன்ஸே' என்ற பெயரில் இதே முறை நாடெங்கும் உண்டு. 2022, 2023ஆம் ஆண்டுகளில் அங்கு வீட்டு விலை சரிந்தபோது, கொடுத்த தொகையைத் திரும்பப் பெற இயலாமல் பலர் நடுத்தெருவுக்கு வந்தனர். மோசடிக்கு ஆளானவர்களுக்கென்று 2023இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

'சரி, இருந்துகொள்கிறோம்' என்று தலையாட்டுமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 8 இலட்சம் கொடுத்திருக்கின்றீர்கள், அதே வீட்டுக்கு ஊர் வாடகை மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் மதிப்புள்ள குடியிருப்பு, கொடுத்த கடனுக்காக உங்களுக்குக் கிடைக்கின்றது. அதாவது நூற்றுக்குப் பதினைந்து. கடன் குறையாமல் அப்படியே நிற்கின்றது. இதனை வங்கி செய்தால் நாம் என்ன பெயர் சொல்வோம்?

கடனைக் கொண்டு ஆதாயம் ஈட்டுவது வட்டியே என்பது மார்க்க அறிஞர்களிடம் நிலைபெற்ற விதி. இந்த வழக்கமும் புதியதன்று. புகாராவிலும் பல்கிலும் ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டிலேயே 'பைஉல் வஃபா' என்ற பெயரில், பணத்தைத் திருப்பித் தந்ததும் சொத்தைத் திருப்பித் தரும் முறை பரவியிருந்தது. மக்களின் தேவையை முன்னிட்டு ஹனஃபி அறிஞர்கள் சிலர் அதற்கு இடமளித்ததும் உண்மை. ஆயினும் 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, அது ஆதாயம் ஈட்டும் கடனே, கூடாது என்று முடிவு செய்தது. அடகு வைக்கப்பட்ட பிராணிக்குத் தீனி போடுபவர் அதன்மீது சவாரி செய்யலாம் என்ற ஹதீஸைச் சிலர் ஆதாரம் காட்டுவர். வீடு புல் தின்பதில்லையே! 'பெயருக்கு 500 ரூபாய் வாடகை எழுதிக்கொள்ளலாம்' என்பதும் எனக்கு மனநிறைவு தரவில்லை. பெருந்தொகை கொடுத்ததற்காகத்தானே வாடகை 500 ஆயிற்று?

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி ஒத்தி என்பது ஒருவகை அடமானம். தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ ஆயின், இரண்டு சாட்சிகளின் கையொப்பத்துடன் அது பதிவு செய்யப்பட வேண்டும். அவ்வாறு பதிந்தவருக்கு, பணம் கைக்கு வரும்வரை வீட்டைத் தம் வசம் வைத்திருக்கும் உரிமை உண்டு. ஆனால் நம்மவர் பலரிடம் இருப்பது சாதாரண முத்திரைத்தாளில் எழுதிய 11 மாத ஒப்பந்தம்; நீட்டிப்போ, அதன் பின்புறம் எழுதிய இரண்டு வரி. இடையில் வீட்டுக்காரர் அதே வீட்டின்மீது வங்கியில் கடன் வாங்கித் தவணை தவறினால், ஏலத்துக்கு வரும் வங்கியின் முன் அந்தத் தாள் என்ன செய்யும்? கடனை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சிகளை வையுங்கள் என்று கட்டளையிடும் 2:282தான் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பது நாம் அறியாததன்று.

ஆகவே கெடு முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே பேச்சைத் தொடங்குங்கள். பணத்துக்கு வழியிருந்தால் பெற்றுக்கொண்டு வெளியேறுவதே மேல். வீட்டுக்காரர் உண்மையிலேயே நெருக்கடியில் இருந்தால் அவகாசம் கொடுங்கள். 2:280 அதைத்தான் போதிக்கின்றது. ஆனால் இலவசமாகக் குடியிருந்துகொண்டு அவகாசம் கொடுப்பதில் தர்மம் ஏது? அக்கம்பக்கத்து வீடுகளின் நியாயமான வாடகையைப் பேசி, அதை மாதந்தோறும் கடனில் கழித்து வாருங்கள். மேற்சொன்ன கணக்கில் ஓராண்டு முடிவில் அவர் தர வேண்டியது 6,80,000 ரூபாயாகக் குறைந்திருக்கும். அவருக்குச் சுமை இறங்கும். நீங்கள் இருப்பது வாடகைக்குத்தான் என்பதில் ஐயமிராது. உங்கள் ஒப்பந்தத்தின் வாசகத்தை நம்பிக்கையான ஓர் ஆலிமிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் காட்டிவிடுங்கள்.

இந்தப் புதிய ஏற்பாட்டை வாய்மொழியில் விடக் கூடாது. 22.2.2019 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியப்பட வேண்டும் என்கிறது. பாக்கித் தொகையையும் கழிவு விவரத்தையும் அதிலேயே எழுதுங்கள். கையெழுத்திடுமுன் அன்றைய தேதிவரை வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். மூலப்பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். 'பழகிய மனிதரிடம் எப்படிக் கேட்பது' என்று வீட்டுப் பெண்கள் தயங்குவர். பழகியவரிடம்தான் கேட்க முடியும், சகோதரி!

பதிவு செய்த போக்கியமாயின் நம் பக்கத்துக் கடமையொன்றும் உண்டு. பணம் முழுவதும் கைக்கு வந்ததும் சாவியைக் கொடுத்தால் மட்டும் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று ரசீதுப் பத்திரம் பதிந்து கொடுத்துவிட வேண்டும். இல்லையேல் அவருடைய வில்லங்கச் சான்றில் நம் பெயர் ஆண்டுக்கணக்கில் நின்று, அவர் வீட்டை விற்கப் போகும் நாளில் நம்மைத் தேடி அலைய நேரிடும்.