பெயர் பொறித்த கல்

சென்ற திங்கள் ஓர் ஓவியத்துக்குப் பரிசளித்த நடுவர் குழு, முள்ளிவாய்க்காலைப் பொருளாகக் கொண்ட அப்படைப்பு இடத்தையும் காலத்தையும் கடந்து சர்வ மானுடத்தின் துயரமாக உயர்ந்துவிட்டது என்று பாராட்டுரையில் எழுதியதையும், அந்த வாக்கியத்தையே கலைக்கு இலட்சணமாகக் கொண்டு வேறோர் இதழ் பல பக்கங்கள் விரித்துரைத்ததையும் படித்த நாள்முதல், 'உயர்ந்துவிட்டது' என்னும் அந்த ஒரு சொல் நம் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடக்கிறது. இலங்கை உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. அவர்களுள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ஊரும் உண்டென்பதைக் கழித்துவிட்ட பிறகு எஞ்சும் துயரம் யாருடைய துயரம்?

1965 வரை சேலம் ஜில்லாவின் பகுதியாயிருந்த தருமபுரிக் காடுமேடுகளில், வேடியப்பன் என்ற பெயரோடு எண்ணெய் மினுங்க நிற்கும் நடுகற்களைத் தேடியலைந்த இளமைப் பித்து நம்மை இன்னும் விட்டபாடில்லை. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல்லொன்று, எருமைகளின் பொருட்டுப் பட்ட கருந்தேவகத்தியின் பெயரைச் சொல்லி, அவன் யாருடைய இளமகன் என்பதையும் சொல்லி, அதோடு நில்லாமல், கள்ளர் இருவரைக் கடித்துக் காவலிருந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் பொறித்து வைத்திருக்கிறது. நாய்க்கும் பெயர் எழுதிய உளிக்கு வாரிசுகளான நாம், மாண்ட மனிதரின் பெயரைத் துறப்பதை உயர்வென்று எங்ஙனம் கொண்டாடுவது?

நடுகல் மரபும் இங்கே போதாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தொல்காப்பியம் வகுத்த காட்சி, கால்கோள் முதலான துறைகள் பொருது பட்டவனுக்கு உரியவை. கஞ்சிக்கு வரிசையில் நிற்கையில் எறிகணைக்கு இரையானவளுக்கும், பதுங்குகுழியில் பிறந்து அங்கேயே மடிந்த சிசுவுக்கும் அவற்றில் இடமில்லை. அவர்களை வீரராக்கிக் கல்லில் நிறுத்துவதும், மானுடமாக்கிக் கரைத்துவிடுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள் என்றே கருதுகிறோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் 2021 ஜனவரி 8 இரவில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தவர்களுக்கு, அது எந்த மண்ணில் எந்த மே மாதத்தில் மாண்டவர்களுக்குரியது என்பதில் ஐயமே இருக்கவில்லை.

வங்க ஓவியர் சோம்நாத் ஹோரின் 'காயங்கள்' வரிசையை நமக்கு எதிராக எடுத்துக்காட்டுவார்கள் என்பதை அறிவோம். காகிதக் கூழில் வெண்மைமேல் வெண்மையாக, கீறலும் துளையுமன்றி வேறொன்றுமில்லாத அப்படங்களின்முன் நாமும் பேச்சற்றுப் போனவர்களே. ஆயினும் அந்தக் கை, 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் சிட்டகாங்கில் சாகக்கிடந்தவர்களையும், 1946இல் ரங்கப்பூரின் தேபாகா கிளர்ச்சிக் குடியானவர்களையும் முகம் முகமாக வரைந்து, பல பத்தாண்டுகள் கழித்தே முகமற்ற காயத்தை வந்தடைந்தது. அம்முகங்களை அது வழியில் எங்கும் இறக்கி வைக்கவில்லை.

2011இல் யாழ்ப்பாணத்து ஓவியர் ஒருவர், இடம்பெயர்ந்த குடும்பத்தாரிடம் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்தே போடச் சொல்லி, நிறைவுறாத தோம்பு, அதாவது நிறைவுறாத நிலப் பதிவேடு, என்று பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். உயிர்தப்பியவர் போட்ட கோணல் கோட்டுக்குப் பிறகே ஓவியரின் சித்திரம் என்னும் அந்த அடக்கம், பரிசுக் குழுக்களின் கண்ணில் படாத பெருங்கலை. நம் பரமத்தியிலும் குறுக்குப்பட்டியிலும் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில், 1983க்குப் பின் அலையலையாய் வந்தவர்களும் இங்கேயே பிறந்து குடியுரிமையின்றி வளர்ந்த அவர்தம் மக்களும் வாழ்கிறார்கள். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களை வெளியேதான் நிறுத்தியது. குவெர்னிகா ஓவியத்தைப் பற்றி இவ்விதழில் எத்தனையோ பக்கங்கள் எழுதிய நாம், அரைமணிப் பேருந்துத் தொலைவிலிருந்த ஒரு மூதாட்டியிடம், "நீங்கள் விட்டுவந்த வீடு எப்படியிருக்கும், அம்மா?" என்று கேட்டு ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டியதில்லை. அடுத்த இதழின் நடுப்பக்கங்கள் எட்டையும் அவ்வரைபடங்களுக்கென ஒதுக்கியிருக்கிறோம். வரைந்தவர் இசைந்தால் அவர் பெயரும், அவர் விட்டுவந்த ஊரின் பெயரும் படத்தின் கீழே அச்சாகும்.