யாருடைய ரீடிங்?

ஜாவா படிக்கத் தொடங்கும் மாணவர்களிடம் ஒரு பழக்கம் சீக்கிரமே ஒட்டிக்கொள்கிறது. ஸ்டேட்டிக் அல்லாத வேரியபிளை ஸ்டேட்டிக் மெத்தடுக்குள் பயன்படுத்த முடியாது என்று கம்பைலர் பிழை காட்டும். உடனே அந்த வேரியபிளுக்கு முன்னால் ஸ்டேட்டிக் என்று சேர்த்துவிடுகிறார்கள். பிழை மறைகிறது. அடுத்த மெத்தடிலும் அதே பிழை. அங்கேயும் ஒரு ஸ்டேட்டிக். செமஸ்டர் முடிவதற்குள் புரோகிராம் முழுக்க ஸ்டேட்டிக் ஆகிவிடுகிறது. ஆப்ஜெக்டை வைத்து யோசிக்கக் கற்றுத்தர வேண்டிய பாடத்தில், ஆப்ஜெக்டே இல்லாமல் எழுதிப் பழகிவிடுகிறார்கள். கம்பைலர் அந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி கேட்கிறது என்பதை யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் இப்படி ஆகாது. இந்த வாரம் அந்தக் கேள்வியைப் பற்றி எழுதுகிறேன்.

எல்லா வீட்டுக்கும் தெரிந்த கரண்ட் பில்லையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். இதற்கு ஒரு புரோகிராம் எழுதுவதானால், மின் இணைப்பு என்று ஒரு கிளாஸ் வேண்டும். கிளாஸ் என்பது அமைப்பு. ஒவ்வொரு வீட்டின் இணைப்பும் அந்த அமைப்பில் உருவான தனித்தனி ஆப்ஜெக்ட். இணைப்பு எண், முந்தைய ரீடிங் இரண்டும் வீட்டுக்கு வீடு மாறும். அவை அந்தந்த ஆப்ஜெக்டுக்குள் இருக்க வேண்டும். 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் அல்லவா? அந்த 100 எந்த ஒரு வீட்டுக்கும் சொந்தமானதில்லை. அதை ஒவ்வொரு ஆப்ஜெக்டிலும் நகலெடுத்து வைத்தால், அளவு மாறும் நாளில் எத்தனை இணைப்புகள் உண்டோ அத்தனையையும் திருத்த வேண்டியிருக்கும். கிளாஸின் பெயரில் ஒரே ஒரு இடத்தில் வைத்தால் ஒரு திருத்தம் போதும். அப்படிக் கிளாஸுக்குப் பொதுவாக வைப்பதுதான் ஸ்டேட்டிக்.

மெத்தடுக்கும் இதே கணக்குதான். புதிய ரீடிங்கிலிருந்து பழையதைக் கழித்து எத்தனை யூனிட் ஓடியது என்று சொல்லும் மெத்தடுக்கு, எந்த வீட்டின் பழைய ரீடிங் என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே அதை ஓர் ஆப்ஜெக்ட் வழியாகத்தான் அழைக்க முடியும். அழைக்கும்போது அந்த ஆப்ஜெக்டின் அடையாளமும் கண்ணுக்குத் தெரியாமல் மெத்தடுக்குள் போகிறது. ஜாவாவில் அதன் பெயர் திஸ். பைத்தானில் அதை ஒளித்துவைப்பதில்லை. வழக்கமாகச் செல்ஃப் என்ற பெயரில், மெத்தடின் அடைப்புக்குறிக்குள் முதலாவதாகவே எழுத வேண்டும். ஸ்டேட்டிக் மெத்தடுக்கு இந்த அடையாளம் போவதில்லை. ஆப்ஜெக்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிளாஸின் பெயரைச் சொல்லி அழைக்கலாம். பதிலுக்கு, எந்த ஆப்ஜெக்டின் சொந்தத் தகவலும் அதற்குத் தானாகக் கிடைக்காது.

இப்போது அந்தப் பிழைக்கு வருவோம். புரோகிராம் தொடங்கும் இடமான மெயின் வழக்கமாக ஸ்டேட்டிக் மெத்தட். அதற்குள் நின்றுகொண்டு ‘முந்தைய ரீடிங்’ என்று மட்டும் எழுதினால், கம்பைலர் ‘யாருடைய ரீடிங்?’ என்று கேட்கிறது. பிழைச் செய்தியின் பொருள் இவ்வளவுதான். சரியான பதில், நியூ என்ற சொல்லைப் போட்டு ஓர் இணைப்பை உருவாக்கி, அந்த இணைப்பின் ரீடிங் என்று சொல்வது. ரீடிங்கையே ஸ்டேட்டிக் ஆக்கினால் கேள்வி அடங்கிவிடும்; கணக்கு கெட்டுவிடும். முதல் வீட்டின் முந்தைய ரீடிங் 4200, இரண்டாவது வீட்டினுடையது 7850 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டிக் ஆக்கியபின் இருப்பது ஒரே பெட்டி. இரண்டாவதாகப் போட்ட 7850 முதலாவதை அழித்துவிடும். முதல் வீட்டில் இம்முறை ரீடிங் 4450 என்றால் ஓடியது 250 யூனிட் என்று வர வேண்டும். புரோகிராம் மைனஸ் 3400 என்று சொல்லும். கம்பைலர் இப்போது வாய் திறக்காது. ஒரே ஒரு வீட்டை வைத்துச் சோதித்துப் பார்த்த மாணவருக்கு இந்தத் தவறு கண்ணிலேயே படாது.

ஸ்டேட்டிக் தாராளமாகப் பொருந்தும் இடங்களும் உண்டு. வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் மேத் டாட் ஸ்கொயர் ரூட்டுக்கு ஓர் எண்ணைத் தந்தால் போதும். அதற்கு நினைவில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. ஜாவாவை வடிவமைத்தவர்கள் மேத் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரையே பிரைவேட் ஆக்கிவிட்டார்கள். வெளியிலிருந்து அதற்கு ஆப்ஜெக்ட் உருவாக்க வழியில்லை. சி ஷார்ப் 2005-இல் வந்த தன் 2.0 பதிப்பில் இதை மொழியின் விதியாகவே கொண்டுவந்தது: கிளாஸையே ஸ்டேட்டிக் என்று அறிவித்தால் அதிலிருந்து ஆப்ஜெக்ட் உருவாக்கவும் முடியாது, வேறு கிளாஸை வாரிசாக்கவும் முடியாது. ஜாவாவில் ஸ்டேட்டிக் கிளாஸ் என்றால் வேறு கதை. இன்னொரு கிளாஸுக்குள் எழுதிய கிளாஸை மட்டுமே அப்படி அறிவிக்கலாம். ஸ்டேட்டிக் இல்லாத உள் கிளாஸின் ஒவ்வொரு ஆப்ஜெக்டும் ஒரு வெளி ஆப்ஜெக்டோடு கட்டுண்டே பிறக்கும். ஸ்டேட்டிக் போட்டால் அந்தக் கட்டு இல்லை. அதற்குத் தாராளமாக ஆப்ஜெக்ட் உருவாக்கலாம். இரண்டு மொழியையும் சேர்த்துப் படிப்பவர்கள் குழம்பும் இடம் இது.

நிதானித்து முடிவெடுக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. யூனிட்டைத் தந்தால் தொகையைச் சொல்லும் மெத்தடுக்கு எந்த வீட்டின் தகவலும் வேண்டாமே, ஸ்டேட்டிக் ஆக்கலாமா? வீட்டு இணைப்பு மட்டும் இருக்கும்வரை ஆக்கலாம். நாளைக்குக் கடை இணைப்பு வருகிறது. அதற்கு அந்த 100 யூனிட் சலுகை கிடையாது. விவசாயப் பம்புசெட் வருகிறது. அதற்குக் கட்டணமே கிடையாது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு வாரிசு கிளாஸ் எழுதி, ‘உன் தொகை எவ்வளவு?’ என்று ஒரே விதமாகக் கேட்டு, வகைக்கேற்ற பதிலைப் பெறுவதுதான் ஆப்ஜெக்டை வைத்து எழுதும் முறையின் பெரிய பலம். ஸ்டேட்டிக் மெத்தடில் அது நடக்காது. எந்த மெத்தட் ஓட வேண்டும் என்பது ஆப்ஜெக்டைப் பார்க்காமல், கம்பைல் ஆகும்போதே கிளாஸின் பெயரை வைத்து முடிவாகிவிடும். அதனால் ‘இதற்கு ஆப்ஜெக்டின் தகவல் வேண்டுமா?’ என்பதோடு ‘ஆப்ஜெக்டின் வகைக்கேற்ப இது மாறுமா?’ என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வரலாற்றைப் பார்த்தாலும் தனித்தனி ஆப்ஜெக்ட்தான் முதலில் வந்தது. நார்வேயின் ஓஸ்லோவில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் 1960-களில் உருவாக்கிய சிமுலா மொழியில்தான் கிளாஸும் ஆப்ஜெக்டும் பிறந்தன. நிஜ உலகில் நடப்பவற்றைக் கணினியில் நிகழ்த்திப் பார்ப்பது அவர்கள் நோக்கம். அதற்கு ஒவ்வொன்றும் தன் நிலையைத் தானே சுமக்க வேண்டியிருந்தது. இருவருக்கும் 2001-க்கான டூரிங் விருது கிடைத்தது. சி ப்ளஸ் ப்ளஸ் மொழிக்கு ஸ்டேட்டிக் மெத்தட் 1989-இல் வந்த 2.0 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்குமுன் ஆப்ஜெக்ட் தேவைப்படாத மெத்தடை அழைக்க, பூஜ்ய முகவரியில் ஓர் ஆப்ஜெக்ட் இருப்பதாகக் கம்பைலரை நம்பவைக்கும் தந்திரத்தைக்கூடச் சிலர் கையாண்டார்கள். தேவை முற்றியபின் வந்த வசதிதான் ஸ்டேட்டிக் மெத்தட்.

நம் வகுப்பறைகளில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. 1995-இல் வெளிவந்த ஜாவாவில், ஆப்ஜெக்ட் எதுவும் பிறக்காத நேரத்தில் புரோகிராமைத் தொடங்க வேண்டியிருப்பதால் மெயினை ஸ்டேட்டிக் ஆக்கினார்கள். காரணம் சரியானது. ஆனால் மாணவர் முதல் நாளில் எழுதும் முதல் புரோகிராமிலேயே பப்ளிக், ஸ்டேட்டிக், வாய்ட் என்று மூன்று சொற்கள் வந்து நின்றன. ‘இப்போதைக்கு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், பிறகு புரியும்’ என்பதே பாடமானது. 2025 செப்டம்பரில் வெளியான ஜாவா 25-இல் இந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது. ஸ்டேட்டிக் இல்லாமல், சுற்றிலும் கிளாஸ் அறிவிப்புகூட இல்லாமல் மெயினை எழுதலாம். தேவையான ஆப்ஜெக்டை ஜாவாவே உருவாக்கிக்கொள்ளும்.

ஆசிரியர்களிடம் இதைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் சில வாரங்கள் ஸ்டேட்டிக் என்ற சொல்லே இல்லாமல் பாடம் நடத்துங்கள். மாணவர் ஆப்ஜெக்டுகளை உருவாக்கட்டும்; ஒன்றின் மதிப்பை மாற்றினால் மற்றது மாறாமல் இருப்பதைத் திரையில் பார்க்கட்டும். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றை எங்கே வைப்பது என்று அவர்களே கேட்கும்போது ஸ்டேட்டிக்கை அறிமுகம் செய்யுங்கள். அதன்பிறகு ஸ்டேட்டிக் போடும் ஒவ்வொரு இடத்திலும், ‘இதற்கு எந்த ஆப்ஜெக்டும் வேண்டாம், ஏனென்றால்’ என்று தொடங்கி ஒரு வரி குறிப்பு எழுதச் சொல்லுங்கள். அந்த வரியை முடிக்கத் தெரிந்தவருக்குப் பாடம் புரிந்துவிட்டது. முடிக்க முடியாதவர் ஸ்டேட்டிக்கை எடுத்துவிட்டு, நியூ என்று எழுதி ஓர் ஆப்ஜெக்டிலிருந்து தொடங்கட்டும்.