கூலிக்காரிக்கு மெட்ராஸ் ஜவுளி எதற்கு?



மதுராந்தகம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு நாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நடவு முடிந்து கரையேறிய ஒரு தாய் அந்த வழியாக வந்தாள். புடவைக்கு மேல் புருஷனுடைய பழைய சட்டை. கையில் சேறு இன்னும் காயவில்லை.

"அண்ணே, தீபாவளிக்கு முன்னாடி ஒரு நாளு பாப்பாவக் கூட்டிக்கிட்டு மெட்ராஸ் போயி துணி எடுக்கணும். எந்த ரயிலு, எங்க எறங்கணும், எப்படிப் போயி வரணும்னு சொல்லு" என்று கேட்டாள். பாப்பாவுக்கு வயது 15. பத்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

நான் வாயைத் திறக்கும் முன்பே பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து பதில் வந்தது. சொன்னவர் ஊரில் பெரிய மனிதர். நிலமும் உண்டு, வட்டிக் கடையும் உண்டு.

"கூலிக்காரிக்கு மெட்ராஸ் ஜவுளி கேக்குதோ? வாரச் சந்தையில விக்கிற துணி உடம்புல ஒட்டாதோ?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. கூடவே நம்மவர்கள் இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தத் தாய் மறுபேச்சுப் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி புதிதல்ல

உழைக்கிற பெண் எதை உடுத்த வேண்டும் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் தீர்மானிப்பது நேற்று இன்று வந்த வழக்கமல்ல.

இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் தெற்குத் திருவிதாங்கூரில், நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போட்டால் அது குற்றம் என்றிருந்தது. சந்தையிலும் தெருவிலும் அவர்களுடைய துணியைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். பல பத்தாண்டுகள் அந்த மக்கள் போராடினார்கள். 1859ல் மகாராஜா இறங்கிவந்து உத்தரவு போட்டார். அந்த உத்தரவிலும், மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்று ஒரு வாலை ஒட்டிவைத்தார்!

அவ்வளவு பின்னால் போவானேன்? 1930 டிசம்பரில், ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை கூடாது, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போட்டு மேலுடம்பை மூடக் கூடாது. பூச்சூடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள்.

தாவணி போடாதே என்று அன்று தடியோடு வந்தார்கள். சட்டம் வந்துவிட்டதால் இன்று தடி எடுக்க முடியவில்லை. அதனால் டீக்கடையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். சிரிப்புக்கும் தடிக்கும் நோக்கம் ஒன்றுதான். கூலிக்காரி கூலிக்காரியாகவே தெரிய வேண்டும்! அவள் மகள் பத்துப் பேர் நடுவில் நின்றால், இவள் இன்னார் வீட்டுப் பெண் என்று துணியைப் பார்த்தே அடையாளம் தெரிய வேண்டும்! கூடச் சிரித்த நம்மவர்களே, நீங்கள் எதற்குத் துணை போனீர்கள் என்பது தெரிகிறதா?

"ஆடம்பரம்" என்கிற நண்பர்களுக்கு

நம்மவர்களில் ஒருவர் பிறகு என்னிடம் தனியாக வந்தார். "தோழர், கடன் வாங்கித் துணி எடுப்பது ஆடம்பரம் இல்லையா? நாமே இதற்குத் துணை போகலாமா?" என்று கேட்டார்.

அவர் சொல்வதில் பாதி நியாயம். கடன் வாங்கக் கூடாது என்பது சரி. ஆனால் துணி ஆடம்பரம் என்பது தவறு.

அந்தப் பெண் குழந்தையிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சர்க்கார் இலவசச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து சீருடையும் சொந்தக் காசில்தான். சீருடையைக் கழற்றினால் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஒரே ஒரு சுடிதார். வளர்கிற பெண். போன வருஷத் துணி இந்த வருஷம் தோளில் பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு நல்ல துணி கேட்பது ஆடம்பரம் என்றால், வேளைக்கு வேளை சோறு கேட்பதும் ஆடம்பரம்தான்!

மில் தோழர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போனஸ் கேட்டபோது உங்களிடமும் இதையே சொன்னார்கள். "குடித்து அழிப்பான், துணி எடுத்து மினுக்குவான், இவனுக்கு எதற்கு போனஸ்?" என்றார்கள். போனஸ் முதலாளி போடும் பிச்சையல்ல, கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலி என்று நீங்கள் பதில் சொன்னீர்கள். 1965ல் போனஸ் சட்டம் வந்தபோது குறைந்தபட்சம் 4 சதவீதம். போராடி அதை 8.33 சதவீதம் ஆக்கினீர்கள். 1975ல் அவசர நிலையைக் காட்டி மறுபடியும் 4 சதவீதமாக வெட்டினார்கள். 1977ல் 8.33 திரும்ப வந்தது. அந்தப் பணம் வீட்டுக்குள் வரும்போது என்னவாக வருகிறது? பிள்ளைகளின் புதுத் துணியாகத்தானே வருகிறது! உங்கள் பிள்ளைக்கு நியாயமானது வயலில் வேலை செய்கிறவளின் பிள்ளைக்கு அநியாயமாகிவிடுமா? அவளுக்கு போனஸ் கிடையாது. மாதாமாதம் வயிற்றைக் கட்டிப் போட்ட சீட்டுதான் அவளுடைய போனஸ்.

இன்னும் ஒன்று. அந்த ஜவுளிக் கடையில் அடுக்கியிருக்கும் துணிக்கு நூல் நூற்றவர் யார்? திண்டுக்கல்லிலும் கோவையிலும் ராஜபாளையத்திலும் இருக்கும் மில்களில் நீங்கள் நூற்றீர்கள். கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று ஆசை காட்டி, "சுமங்கலித் திட்டம்" என்று பெயர் சூட்டி, மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்களே, அந்த ஏழைப் பெண் பிள்ளைகள் நூற்றார்கள். நூற்றவளுக்கு அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்து, பிடித்ததை எடுக்க உரிமை இல்லையா?

தங்கச்சி, உன் நாள் இது

தங்கச்சி, அன்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லுகிறேன். ஜவுளிக் கடைக்காரன் தீபாவளிக்கு மாதக்கணக்கில் திட்டம் போடுகிறான். நீ திட்டமில்லாமல் போனால் அவன் திட்டம்தான் ஜெயிக்கும்.

முதலில் நாள். தீபாவளிக்கு முந்தின வாரம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். பாப்பாவுக்குக் காலாண்டுப் பரீட்சை லீவு விடும்போது, வாரத்தின் நடுவில் ஒரு நாளை வைத்துக்கொள். அன்றைக்கு உன் கூலி போகும். அதையும் செலவில் எழுது.

அடுத்தது கணக்கு. முந்தின இரவு பாப்பாவை நோட்டு எடுத்து எழுதச் சொல். முதல் வரியில் உன் புடவை. ஆமாம், முதல் வரியில்! "எனக்கு எதுக்கு, இருக்கறது போதும்" என்று நீ சொல்லுவாய் என்பது எனக்குத் தெரியும். எல்லா வீட்டிலும் தாய் அப்படித்தான் சொல்லுகிறாள். பெரிய மனிதர் வெளியிலிருந்து சொன்னதை நீயே உனக்குள் சொல்லிக்கொள்ளாதே. உன் மகளும் பார்த்துக் கற்றுக்கொள்வாள். இரண்டாம் வரியில் அவள் சுடிதார். பிறகு ரவிக்கைத் தையல் கூலி, பயணச் செலவு, கைச்செலவு. மொத்தம் கையில் இருப்பதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஒரு துணியைக் குறை; வட்டிக்கு வாங்காதே. அன்று உன்னைப் பார்த்துச் சிரித்த மனிதரே, நாளை "பணம் பத்தலயா, வந்து வாங்கிக்கோ" என்று கூப்பிடுவார். அவர் சிரிப்பைவிட அவர் கூப்பிடுவதற்கு அதிகம் பயப்படு.

பணத்தை இரண்டாகப் பிரித்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பாப்பாவுக்குச் சரியாக இருக்கும் பழைய சுடிதார் ஒன்றை அளவுக்கு எடுத்துக்கொள். புளிசாதமும் தண்ணீரும் கட்டிக்கொள். பசியோடு ஜவுளிக் கடைக்குள் நுழைந்தால், எதையாவது எடுத்துக்கொண்டு வெளியே போனால் போதும் என்று ஆகிவிடும்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்று ஆயிற்று. ஊரிலிருந்து அப்படி ஒரு பஸ் கிடைத்தால் அந்தக் காசு தையலுக்கு ஆகும். செங்கல்பட்டில் கடற்கரை போகும் மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறு. மாம்பலம் வரும். ஜவுளிக்கு வந்த கூட்டமெல்லாம் இறங்கும். நீ இறங்காதே! இன்னும் சில ஸ்டேஷன் தள்ளி எழும்பூரில் இறங்கு. நடக்கிற தூரத்தில் பாந்தியன் ரோட்டில் கோ-ஆப்டெக்ஸ் மாளிகை இருக்கிறது. 1935ல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவு அது. தீபாவளிக் காலத்தில் 30 சதவீதம் தள்ளுபடி தருவது அங்கே வழக்கம். உன் புடவையை அங்கே பார். சின்னாளப்பட்டி, பரமக்குடி, அருப்புக்கோட்டை நெசவாளியின் கையில் நெய்த பருத்திப் புடவை உன் கைக்கு எட்டுகிற விலையில் இருந்தால் எடு.

அந்த மாளிகைக்குப் பெயர் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை. பாப்பாவுக்குச் சொல். வள்ளியம்மை தென்னாப்பிரிக்காவில் பிறந்த தமிழ்ப் பெண். அங்கே இந்தியர்களுக்கு இழைத்த அநீதியை எதிர்த்து, 1913ல் தன் தாய் மங்களத்தோடு போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனாள். அங்கே நோய் பிடித்து, விடுதலையாகி வந்ததும் 1914 பிப்ரவரியில் மாண்டாள். வயது பதினாறுதான்.

அங்கிருந்து திரும்பும் ரயிலில் ஏறி, பகல் 12 மணிக்குள் மாம்பலத்தில் இறங்கு. சாயங்காலக் கூட்டம் வருவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். படியிறங்கினால் ரங்கநாதன் தெரு. முதல் கடையில் வாங்காதே. இரண்டு மூன்று கடை விலையைக் கேள். "50 சதவீதம் வரை தள்ளுபடி" என்று பெரிதாக எழுதியிருப்பான். "வரை" என்ற சொல்லைத்தான் பார்க்க வேண்டும். எந்த மூலையிலோ நாலு துணிக்கு அந்தத் தள்ளுபடி. "மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பான். உன் நோட்டில் ஒன்றுதான் எழுதியிருக்கிறது. இலவசத்துக்காக மூன்று வாங்குவது யாருக்கு லாபம்? அச்சிட்ட அதிகபட்ச விலையில் வரியும் அடக்கம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று கேட்டால் கொடுக்காதே.

நிறம் பாப்பா இஷ்டம். அதில் நீ தலையிடாதே. அவள்தான் போடப் போகிறாள். தையலைப் பார்ப்பது உன் பொறுப்பு. வளர்கிற பிள்ளை, பிரித்துவிட உள்ளே துணி விட்டிருக்கிறானா பார். ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா பார். கடை விளக்கில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். வாசல் வெளிச்சத்தில் ஒரு முறை பிடித்துப் பார்.

பில் இல்லாமல் வெளியே வராதே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற போர்டைக் கண்டு பயப்படாதே. துணி பழுது என்றால், பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறைகேடான வியாபாரம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லுகிறது. புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது.

எடுத்துப் போடுகிறவள் யார்?

கடைசியாக ஒன்று. பாப்பாவுக்குத் துணி எடுத்துக் காட்டுகிற பெண்ணின் முகத்தைப் பார். தென் ஜில்லாக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்து, கடை விடுதியில் தங்கி, காலையிலிருந்து இரவு வரை நிற்கிறவள். 2010ல் வந்த "அங்காடித் தெரு" சினிமா இந்தத் தெருப் பிள்ளைகளின் கதைதான். அவளும் உன்னைப் போன்ற ஒரு தாயின் மகள்.

அவள் உட்காரக் கூடத் தடை இருந்தது. கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் "உட்கார உரிமை வேண்டும்" என்று கிளர்ச்சி செய்தார்கள். 2018ல் அங்கே சட்டம் திருந்தியது. 2021ல் தமிழ்நாட்டிலும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில், ஊழியருக்கு இருக்கை போட வேண்டும் என்று சேர்த்தார்கள். சட்டம் வந்துவிட்டது. நாற்காலி வந்ததா? நீ போகிற கடையில் பார். இல்லாவிட்டால் மானேஜரைக் கேள்: "இந்தப் புள்ள உக்கார ஸ்டூல் எங்கே?" அவள் கேட்டால் வேலை போகும். காசு கொடுக்கிற நீ கேட்டால் அவன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பத்துத் துணியைப் பிரித்துப் பார்ப்பது உன் உரிமை. ஆனால் அவளை "ஏய்" என்று கூப்பிடாதே. உன்னை டீக்கடையில் தலைகுனிய வைத்த அதே வார்த்தையை நீ இன்னொரு கூலிக்காரியின் மகளிடம் சொல்லலாமா?

சாயங்காலக் கூட்டம் சேருமுன் ரயில் ஏறிவிடு. பஸ் பிடிக்க வேண்டியிருந்தால், 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாலம் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை நெரிசல் இல்லாமல் கொண்டுபோய் விடும்.

டீக்கடையில் சிரித்த நண்பர்களே! தீபாவளியன்று அந்தத் தாயும் மகளும் புதுத் துணி உடுத்தி உங்கள் முன்னால் வருவார்கள். பெரிய மனிதர் மறுபடியும் சிரிப்பார். இந்தத் தடவை அவர் தனியாகச் சிரிக்கட்டும். "உழைத்த காசில் உடுத்துகிறாள், உமக்கென்ன?" என்று பெஞ்சிலிருந்து ஒருவராவது எழுந்து கேளுங்கள்!